நாலரைக்கு மேல் வாங்க

அவருடைய வீட்டின் பின்கதவிலிருந்து முன்கதவுக்கு முப்பத்திரண்டு காலடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே தேநீர் குடிக்கப் போயிருந்தபோது நானே நடந்து எண்ணினேன். அந்த முப்பத்திரண்டு காலடியை அவர் வார நாட்களில் காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் நடந்து, பல வருடங்கள் வேலைக்குப் போய் வந்தார்.

ஹட்டனுக்குப் பக்கத்தில், கொட்டகலைக்கு மேலே, தோட்டத்து ரோட்டை ஒட்டிய சரிவில் இருந்தது அந்த வீடு. ரோட்டிலிருந்து படிக்கட்டு இறங்கினால் முதலில் தெரிவது சமையலறைப் பக்கம். முன்னறை மறுபக்கம், தேயிலை மலையைப் பார்த்தபடி. அந்த முன்னறைதான் அவருடைய அலுவலகம். கொழும்பில் கட்டட வரைபடங்கள் தயாரிக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு அவர் படவரைஞர். வரைய வேண்டியவை கொழும்பிலிருந்து தபாலில் வரும். வரைந்தவை செவ்வாயும் வெள்ளியும் நீண்ட அட்டைக் குழாய்களில் பதிவுத் தபாலில் போகும். முத்திரை குத்தியவன் நான். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, அந்தச் சிறிய தபாலகத்தில் பதினெட்டு வருடம் இருந்தேன். ஒவ்வொரு காலையும் முத்திரையின் திகதியை மாற்றுவது என் முதல் வேலை. அந்தப் பழக்கத்தில் நாட்குறிப்பும் எழுதினேன். இங்கே சொல்லும் மாதங்களும் வருடங்களும் அதில் உள்ளவை.

காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவர் பின்கதவால் வெளியே வருவார். துடைத்த சப்பாத்து, மடிப்புக் கலையாத காற்சட்டை, நீலக் கம்பளிச் சட்டை, ஒரு கையில் குடை, மறு கையில் சோற்றுப் பார்சல். அவருடைய மனைவி தோட்டப் பாடசாலை ஆசிரியை. அவர் ஏழு மணிக்கே போயிருப்பார். ஆகவே கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்து வீட்டு மீனாட்சி அக்காவிடம்தான் சொல்லிக்கொள்வார்.

"அக்கா, வேலைக்குப் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வா தம்பி. கொடய எடுத்துக்கிட்டியா?"

மீனாட்சி அக்கா முப்பது வருடம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே அக்காவின் லீக்ஸ் பாத்தி. அதன் ஓரமாக நடந்து, தன் வீட்டைச் சுற்றி, முன்கதவைத் திறந்து படவரைஞர் அலுவலகத்துக்குள் போவார். முன்னறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு உள்கதவு உண்டு. அதைத் தாழிட்டு, அதன்மேல் ஒரு அலுமாரியைச் சாத்தி வைத்திருந்தார்.

கொழும்பிலிருந்து வந்த புதிதில் அவர் இப்படி இல்லை. வந்தது 1996 கடைசியில். மகள் பிறந்து சில மாதம். மனைவிக்குக் கொழும்புக்கு மாற்றம் கிடைக்க வழியில்லை. ஏழு வருடமாக மாதம் ஒரு தடவை ரயிலேறி வந்து குடும்பத்தைப் பார்த்தவர், வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறேன் என்று முதலாளியிடம் கேட்டார். பெரிய முதலாளி நல்ல மனிதர். மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

முதல் இரண்டு மாதமும் அவர் சாரத்தோடு உட்கார்ந்து வரைந்தார். அதுதான் பிழை. சாரம் கட்டிக்கொண்டு பட்டப்பகலில் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளை எங்கள் பக்கத்தில் இரண்டே வகை. ஒன்று நோயாளி, இல்லாவிட்டால் வேலை போனவன். நோய் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

"சும்மாதானே தம்பி இருக்க? மொளகா காயுது, மழ வந்தா அள்ளி உள்ள போட்டுரு." இது மீனாட்சி அக்கா.

"சும்மாதானே சார் இருக்கீங்க? இந்த ஐடென்டி காட் ஃபோமக் கொஞ்சம் நெரப்பிக் குடுங்க." இது மேல் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வருகிறவர்கள்.

மரண உதவிச் சங்கம் கூடி, அவரைக் கேட்காமலே செயலாளராகத் தெரிவு செய்தது. ஏன் நான் என்று கேட்டாராம். தலைவர் சொன்ன காரணத்தை அவரே எனக்கு நடித்துக் காட்டினார். "சாவு எந்த நேரம் வரும்னு யாருக்குங்க தெரியும்? எந்த நேரம் வந்தாலும் வீட்ல இருக்குற ஆளு நீங்க ஒருத்தருதான்."

அந்த மாதம் இரண்டு சாவு. ஒரு பார்சல் ஒரு வாரம் பிந்திப் போனது. பெரிய முதலாளி நாலு வரியில் ஒரு கடிதம் எழுதினார். இன்னொரு தடவை பிந்தினால் கொழும்புக்கே வந்துவிட வேண்டியதுதான் என்பது அதன் சுருக்கம். அடுத்த திங்கட்கிழமை காலை அவர் சப்பாத்துப் போட்டார்.

அக்கம்பக்கத்தார் எல்லோரையும் கூப்பிட்டு ஒரே விஷயத்தைச் சொன்னார். "எட்டுலேருந்து நாலரை வரைக்கும் நான் வீட்ல இல்ல. யாரு வந்து கேட்டாலும் அதையே சொல்லுங்க. நாலரைக்கு மேல வாங்க, என்ன வேணும்னாலும் செஞ்சு தாரேன்."

முதலில் சிரித்தார்கள். யன்னலுக்கு வந்து கண்ணாடியில் தட்டிப் பார்த்தார்கள். அவர் தலை நிமிராமல், "வீட்ல யாருமில்லீங்க, நாலரைக்கு மேல வாங்க" என்பார். யன்னலுக்கு உள்ளே இருந்துகொண்டு ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? சிரித்துவிட்டுப் போனவர்கள் நாலரைக்கு மேல் வந்தார்கள். வந்தவர்களுக்கு அவர் சொன்னபடியே செய்தும் கொடுத்தார். சங்கத்துச் செயலாளர் வேலையையும் விடவில்லை. மெல்ல மெல்ல ஊர் பழகிவிட்டது. மீனாட்சி அக்காவோ காவலாகவே ஆகிவிட்டார். ஒரு தடவை ஏதோ பதிவுக்கு வந்த கிராம சேவகரையே படிக்கட்டில் மறித்துத் திருப்பி அனுப்பினார்.

"ஏன் இந்தச் சுற்று? உள்கதவாலை போனால் ரெண்டு அடி. இந்தக் குளிருக்குள்ளை சப்பாத்தும் கொழுவிக்கொண்டு எதுக்கு?" என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் மத்தியான இடைவேளையில் தபாலகத்துக்கு வந்திருந்தார். குழாயின் வாயை ஒட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"எங்கப்பா திம்புள்ளப் பக்கம் தோட்டத்துல முப்பத்தஞ்சு வருசம் பெரட்டுக்கு நின்னாருங்க. இருட்டு விலகுறப்பப் போயி வரிசையில நிக்கணும். கண்டாக்கு பேரு கூப்புடணும். கூப்புட்டாத்தான் அன்னைக்கு அவரு வேலைக்காரன். லயத்துல இருந்துக்கிட்டே வேல செய்யிறேன்னு சொன்னா யாரு நம்புவா? என்னைய இங்க கூப்புட யாருமில்ல. அதுனால நானே போயி நின்னுக்குறேன்."

குழாயைக் கவுண்டரில் என் பக்கம் தள்ளிவிட்டு, "ஊரு நம்பணும்கிறதுக்காக மட்டும் இல்லீங்க. நானும் நம்பணுமில்ல?" என்றார்.

கொழும்பு அலுவலகத்தைப் பற்றி அவர் குறையாகப் பேசியதில்லை. அங்கே எட்டு மணி நேரம் இருந்து மூன்று மணி நேரம் வரைந்தேன் என்பார். மிச்ச நேரத்தைக் கிரிக்கெட்டும், பத்து மணித் தேநீரும், மேலாளர் வரும்போது பென்சிலை எடுத்துக்கொள்வதும் சாப்பிட்டுவிடும். ஆனால் ஒன்றை மட்டும் அவர் மெய்யாகவே இழந்திருந்தார். அங்கே பக்கத்து மேசையில் ஒருவர் இருந்தார். வரைந்து முடித்ததும் எட்டிப் பார்த்து, "இந்தக் கதவு எங்கே திறக்குது?" என்று கேட்பார். பிழை அகப்பட்டுவிடும். தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பது அந்தத் தொழிலின் தொல்லை. இங்கே எட்டிப் பார்க்க மலைதான் இருந்தது.

அதற்கும் அவர் அந்த முப்பத்திரண்டு காலடியையே வழியாக்கினார். வரைந்து முடித்த தாளை மாலையில் சுவரில் குத்திவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலை முன்கதவைத் திறந்து வரும்போது, கம்பளிச் சட்டையைக் கழற்ற முதலே சிவப்புப் பென்சிலோடு அதன்முன் நிற்பார். "நேத்து வரஞ்சவரு வேற ஆளுங்க" என்பார். "அவரு மேல எனக்கு ஒரு தாட்சண்யமும் கெடையாது." ஒரு மாடி வீட்டின் கழிவறைக் கதவு நேரே படிக்கட்டின் முதல் படிமேல் திறந்ததை அப்படித்தான் பிடித்தார். அன்று மத்தியானம் தபாலகத்துக்கு வந்து, அந்த நேற்றைய ஆளை என் முன்னால் வாயாரத் திட்டினார்.

மூடுபனி அவருக்கு இன்னொரு மேலதிகாரி. பனி உள்ளே வந்தால் வரையும் மெல்லிய தாள் நெளிந்துபோகும். அதனால் யன்னலை இறுக்கச் சாத்தி, மேசைக்கு அடியில் பகல் முழுக்க ஒரு பல்பை எரியவிட்டிருப்பார். தாளும் காயும், காலும் குளிராது.

எல்லாம் வேடிக்கை என்று சொல்ல முடியாது. ஒரு நாள் என் மனம் கொஞ்சம் சுருங்கியது. 2002 இல், ஒரு பிற்பகல். பாடசாலை விட்டு வந்த மகள் படிக்கட்டில் வழுக்கி விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். தாய் கடைக்குப் போயிருந்தார். நான் விடுமுறையில் அந்தப் பக்கம் நடந்துவந்தேன். பிள்ளை சமையலறை வாசலில் இருந்து கத்தி அழுதாள். உள்கதவு திறக்கவில்லை. அவர் முன்கதவால் வெளியே பாய்ந்து, லீக்ஸ் பாத்தியைச் சுற்றி ஓடிவந்தார். குடையில்லை, கையில் இன்னும் பேனை.

மீனாட்சி அக்கா பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். "ஏன்டா, புள்ள அழுவுது, நீ ஊரச் சுத்தி வாரியே! அந்த அலமாரியத் தள்ளிட்டு வந்தா ஒன் ஆபீஸ் இடிஞ்சா போயிரும்?"

அவர் பிள்ளையை வாங்கி, காயத்தைக் கழுவி, துணி சுற்றி, பிள்ளை சிரிக்கும்வரை மடியில் வைத்திருந்தார். பிறகு சுற்றிப் போய் மறுபடி உட்கார்ந்தார். அன்று நாலரைக்கு அவர் வரவில்லை. மீனாட்சி அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வந்தார். "இருவது நிமிசம் வெளிய போயிருந்தேன்ல, அக்கா" என்றார். ஆனால் அடுத்த முறை நான் போனபோது அலுமாரி சுவரோரமாக நகர்ந்திருந்தது. தாழ்ப்பாளும் போடவில்லை. "புள்ளைக்கு மட்டும்" என்றார்.

2003 பெப்ரவரியில் பெரிய முதலாளி ஓய்வு பெற்றார். மகன் பொறுப்பெடுத்தார். வெளிநாட்டில் படித்தவர், வயது முப்பதுக்குள். இவர் கொழும்பில் வேலை செய்த காலத்தில் அவர் பள்ளிக்கூடப் பையன். அடுத்த மாதமே கடிதம் வந்தது. இனி எல்லாம் கணினி. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மே மாதத்திலிருந்து கொழும்புக்கு வரவும்.

அந்த வெள்ளிக்கிழமை அவர் பார்சலோடு ஒரு சாதாரணத் தபாலும் கொண்டுவந்தார். கணினி பழகிக்கொள்கிறேன், இங்கேயே இருக்க விடுங்கள் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்.

"விடாட்டில்?" என்றேன்.

"போகணும்தான். மறுபடி மாசத்துக்கு ஒருவாட்டி வந்து மகளப் பாக்கணும்." முத்திரை விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "முன்னயாச்சும் அது கைக்கொழந்த. இப்ப சாயந்தரம் நாலரைக்குப் படிக்கட்டுல வந்து நிக்கிதுங்க."

பதில் வரவில்லை. ஏப்ரல் வந்தது. நுவரெலியா சீசனுக்குக் கொழும்பு வாகனங்கள் வரிசையாக மலையேறும் மாதம். பாடசாலை விடுமுறை. மனைவியும் மகளும் இறம்பொடையில் உறவினர் வீட்டில். அன்று மத்தியானத்துக்குமேல் மழை ஊற்றியது. மூன்றரை மணிக்கு ஒரு இளைஞர் நனைந்தபடி தபாலகத்துக்குள் வந்தார். கைத்தொலைபேசி எங்கள் மலையில் எடுக்கவில்லை, கொழும்புக்கு ஒரு அழைப்பு வேண்டும் என்றார். இணைத்துக் கொடுத்தேன். ஆங்கிலத்தில் பேசினார். கேட்கக்கூடாதுதான், ஆனால் கவுண்டருக்கும் தொலைபேசிக்கும் ஒரு முழத் தூரம்.

"சொல்லாமல் போனது நல்லதாய்ப் போயிற்று" என்றார் அந்த முனைக்கு. "வேலை நாளில் பிற்பகல் மூன்று மணிக்கு ஆள் வீட்டிலேயே இல்லை. நாலரைக்கு மேல்தான் வருவாராம். பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார், தினமும் அப்படித்தானாம். அப்பா இத்தனை வருடம் ஏமாந்திருக்கிறார். நாளைக்கே கடிதத்தைத் தயார் பண்ணுங்கள்."

இளைய முதலாளி இவர்தான் என்று எனக்கு விளங்கியது. மீனாட்சி அக்கா படிக்கட்டில் மறித்து, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் "மாத்தயா கெதர நே" என்று, ஐயா வீட்டில் இல்லையென்று, அடித்துச் சொல்லியிருப்பார். பின்கதவில் பூட்டும் தொங்கியிருக்கும். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்தில் உள்ளே இருந்தவருக்கு எதுவும் கேட்டிருக்காது.

உதவியாளரிடம் கவுண்டரைக் கொடுத்துவிட்டு, குடையை எடுத்தேன். அவர் இப்போதும் வேலையில்தான் இருக்கிறார், வந்து பாருங்கள் என்று இளையவரிடம் சொன்னேன். நம்பவில்லை. ஆனாலும் வந்தார். சமையலறைப் பக்கம் நிற்காமல், லீக்ஸ் பாத்தியைச் சுற்றி யன்னலடிக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி முழுக்க நீர். உள்ளே பல்பு வெளிச்சம், மேசைமேல் குனிந்த தலை, நகரும் கை. இளையவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விரலால் தட்டினார்.

தலை நிமிரவில்லை. "வீட்ல யாருமில்லீங்க. நாலரைக்கு மேல வாங்க." தட்டியது வேற்றாள் என்று நினைத்தாரோ என்னவோ, சிங்களத்திலும் ஒரு முறை சொன்னார்.

நான் சத்தம் போட வாயெடுத்தேன். இளையவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார். மணிக்கூட்டைப் பார்த்தார். நாலுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

மீனாட்சி அக்காவின் தாழ்வாரத்தில் நின்றோம். "யாருங்க ஐயா இந்தத் தொர? அப்பவும் வந்தாரு" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"அவரின்ரை முதலாளி."

"ஐயோ சாமி!" என்று கையை உதறினார். பிறகு என்ன நினைத்தாரோ, நிமிர்ந்து நின்றார். "யாரா இருந்தா என்ன? நான் பொய் சொல்லல. நாலரைக்கு மேலதான் வீட்டுக்கு வருவாரு. தொரைக்குத் தேத்தண்ணி ஊத்தவா?"

தேநீர் குடித்தோம். நாலரைக்குப் பல்பு அணைந்தது. முன்கதவு பூட்டும் சத்தம். சப்பாத்து, கம்பளிச் சட்டை, குடை. பாத்தி ஓரமாக வந்தவர் என்னைக் கண்டு, "என்னங்க ஐயா, மழையில?" என்று கேட்டபடியே பின்கதவைத் திறந்து உள்ளே போனார். விளக்கைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்றார். "இப்ப வாங்க. யாரு, தபால் இலாகாத் தொரையா?"

இளையவர் தன் பெயரைச் சொன்னார்.

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். யன்னலில் தட்டியது யார் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "சார்..." என்றார்.

"அலுவலகத்தைப் பார்க்கலாமா?" என்றார் இளையவர்.

உள்கதவு நாலு அடியில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்து விரித்து, முதலாளிக்குப் பிடித்துக்கொண்டு, மழையில் சுற்றி முன்கதவுக்கே கூட்டிப்போனார்.

சுவரில் அன்று முடித்த தாள் குத்தியிருந்தது. பக்கத்தில் முந்திய நாள் தாள், சிவப்புக் கோடுகளோடு. இளையவர் அதன் முன் நெடுநேரம் நின்றார். "இங்கிருந்து வருவதில்தான் பிழை குறைவு" என்றார் கடைசியில். "சரிபார்ப்பது யார்?"

"நான்தான் சார். காலையில."

இளையவர் சிரிக்கவில்லை, ஒன்றும் வாக்குக் கொடுக்கவுமில்லை. "எங்கள் அலுவலகத்தில் நாலு மணிக்கே எல்லோரும் கைகழுவப் போய்விடுவார்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாகனத்தில் ஏறிப்போனார்.

பத்து நாள் ஒன்றும் வரவில்லை. அவர் வழக்கம்போலச் செவ்வாய், வெள்ளி வந்து பார்சல் போட்டார். மீனாட்சி அக்கா தபாலகத்துக்கே வந்து, "நான் வாய வச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ங்க" என்று கண்கலங்கினார்.

பதினோராம் நாள் பிற்பகல் தபால் பையில் ஒரு அட்டைக் குழாய் இருந்தது. விலாசத்தைப் படித்துவிட்டு மறுபடி படித்தேன். தபால்காரர் வீட்டுக்குப் போய்விட்டார். கவுண்டரை மூடிவிட்டு நானே கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

அவர் சாரத்தோடு சமையலறைப் படியில் இருந்து மகளோடு போஞ்சி ஆய்ந்துகொண்டிருந்தார். குழாயை நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். முதல் வரியில் நிறுவனத்தின் பெயர். இரண்டாவது வரியில் 'ஹட்டன் அலுவலகம்'. அதன்கீழ் அவருடைய வீட்டு இலக்கம். உதடு அசைய வாசித்தார். "இங்க பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். மனைவி வாசித்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் மீனாட்சி அக்கா, "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"உடைச்சுப் பாருங்கோவன், உள்ளை கடிதமும் இருக்கும்" என்றேன்.

அவர் உள்ளே எட்டிச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஐந்து பத்து. குழாயை இரண்டு கையாலும் என்னிடமே திருப்பித் தந்தார்.

"இது ஆபீசுக்கு வந்ததுங்க ஐயா. நான் இப்ப வீட்ல இருக்கேன். நாளைக்கு எட்டு மணிக்கு மேல அங்க கொண்டாரச் சொல்லுங்க. உக்காருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

குழாயை மடியில் வைத்துக்கொண்டு குடித்தேன். மறுநாள் காலை எட்டு ஐந்துக்கு அது முன்கதவில் ஒப்படைக்கப்பட்டது. பற்றுச்சீட்டில் அவருடைய கையெழுத்து வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.